அப்பாவின் 340 சிடிகளை வைத்துக்கொள்வதா, பிடித்த படங்களை டிஜிட்டலில் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவதா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாமல் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. முதல் வருடத் திதி முடிந்த கையோடு மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு எங்களோடு அழைத்துவருவதாக ஏற்பாடு. வீட்டைக் காலி செய்ய அப்பாவின் பீரோவைத் திறந்தால் கீழ் இரண்டு தட்டு முழுக்க சிடி. எண்ணிப் பார்த்தேன், 340. பாதிக்கு மேல் டிவிடி, மீதி விசிடி, பத்துப் பன்னிரண்டு புளூரே. மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலம் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரிஜினல் சிடி வாங்குவது என்ற பேச்சே இருந்ததில்லை. அந்த விலை வந்த பிறகு அப்பா சம்பள நாளன்று டவுன்ஹால் ரோட்டில் இறங்கி இரண்டு மூன்று வாங்கிக்கொண்டுதான் வீடு வருவார்.

ஒவ்வொரு உறையின் உள்பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவில் தேதி போட்டு, யாரோடு உட்கார்ந்து பார்த்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் இப்படி இருக்கிறது: "14.1.2009 பொங்கல். எல்லோரும். இவள் இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டாள்." இதையெல்லாம் நான் இதுவரை பார்த்ததே இல்லை.

தம்பி சொல்வது: "எல்லாப் படமும் ஆன்லைனில் இருக்கு, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு." எங்கள் சென்னை வீடு பள்ளிக்கரணையில் தரைத்தளம், இரண்டு படுக்கையறை, அம்மா வந்த பிறகு இடம் இன்னும் நெருக்கம். வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை, லேப்டாப்பில் டிரைவும் இல்லை. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த ஒரு நாற்பது படத்தை டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படி வாங்கினால் அது நிஜமாகவே நம்முடையதாக இருக்குமா? இந்த சிடிகள் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரைன்நதி எழுதியது:

நண்பரே, முதல் கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு பெரிய டிஜிட்டல் கடையில் நாலைந்து வருடத்தில் அறுபது படம் போல வாங்கினேன். வாடகைக்கு எடுக்கவில்லை, "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தி முழு விலை கொடுத்தேன். அப்புறம் வேலை மாறி ஜெர்மனிக்கு வந்தேன். இங்கே உள்ள வங்கி அட்டையைச் சேர்க்க வேண்டும் என்றால் கணக்கின் நாட்டை மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன். அடுத்த நாள் பட்டியலைத் திறந்தால் பதினெட்டுப் படம் காணோம், அதில் பதினைந்து தமிழ். வாடிக்கையாளர் சேவையில் பேசியபோது அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார்: அந்தப் படங்களுக்கு இந்த நாட்டில் உரிமம் இல்லை, இந்தியக் கணக்குக்கே திரும்பினால் தெரியலாம். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த ஏழு டிவிடி மட்டும் எந்த எல்லையையும் கேட்காமல் இன்றும் ஓடுகிறது.

அங்கே நாம் வாங்குவது படத்தை அல்ல, பார்ப்பதற்கான அனுமதியை. கடைக்கும் படத்தின் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் இருக்கும் வரைதான் அந்த அனுமதிக்கு உயிர். 2022இல் இதே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் ஸ்டுடியோகனால் என்ற நிறுவனத்தின் படங்களை வாங்கியிருந்தவர்களுக்கு, ஆகஸ்ட் 31க்குப் பிறகு அவை உங்கள் நூலகத்தில் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் அதே மாதிரி அறிவிப்பு வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசி நேரத்தில் புது ஒப்பந்தம் போட்டதால் தப்பியது. அல்ட்ராவயலட் என்று ஹாலிவுட் நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்திய டிஜிட்டல் பெட்டகம் 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. முன்பே வேறு கடைக் கணக்கோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் படங்கள் மிஞ்சின, அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இந்த "வாங்கு" என்ற சொல்லே மக்களை ஏமாற்றுகிறது என்றுதான் கலிபோர்னியாவில் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கே டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, இது உரிமம் மட்டும்தான் என்று வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இன்னொன்று. உங்கள் அப்பா இந்த 340 படத்தையும் டிஜிட்டலில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆப்பிள் 2021இல் ஒரு வசதி கொண்டுவந்தது, நாம் குறித்து வைத்த வாரிசு நம் காலத்துக்குப் பிறகு நம்முடைய புகைப்படங்கள், குறிப்புகள் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய படமும் பாட்டும் புத்தகமும் அதில் சேராது. பீரோவைத் திறந்ததும் அப்பாவின் கையெழுத்து உங்கள் கைக்கு வந்தது, அதற்குக் காரணம் அது சிடியாக இருந்ததுதான்.

ரிட்சி_தெரு_பழையகடை எழுதியது:

தம்பி, நான் 1999இலிருந்து சென்னை ரிட்சி தெருவில் பிளேயர் சர்வீஸ் பார்க்கிறேன். இப்போது வேலை குறைவு, ஆனால் லென்ஸ் மாற்ற இன்னும் ஆட்கள் வருகிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் சிடி என்று ஒரே பெயரில் சொல்வதை விடுங்கள், மூன்றும் மூன்று விதமாகக் கெடும். விசிடியில் தகவல் இருக்கும் உலோகப் படலம் மேல்பக்கம், அதாவது படம் அச்சடித்த பக்கம், ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. கீழ்ப்பக்கம் கீறினால் தேய்த்துச் சரி செய்யலாம், மேல்பக்கம் கீறினால் படலமே பெயர்ந்து வந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. எல்லோரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள், மேல்பக்கத்தைத் தரையில் வைப்பார்கள். டிவிடியில் படலம் நடுவில், இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி அதற்கு நடுவே வைத்திருப்பார்கள். அந்த ஒட்டு சரியில்லை என்றால் ஓரத்திலிருந்து காற்றும் ஈரமும் புகுந்து பழுப்பேறும். புளூரேயில் படலம் கீழ்ப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான், ஆனால் அந்தக் கீழ்ப்பக்கத்திலேயே கெட்டியான பூச்சு இருப்பதால் சும்மா துணியில் உரசினால் கீறாது.

சரி, எப்படிச் சோதிப்பது? சிடியை ஓரத்தில் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசிக்குத்து மாதிரி வெளிச்சம் தெரிந்தால் படலம் அரித்திருக்கிறது. அப்புறம் படத்தைப் போட்டு முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைக்காதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியேதான் படிக்கும், கெடுவது பெரும்பாலும் வெளி ஓரம்தான், அதனால் கடைசி இருபது நிமிடத்தைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். 8.5 ஜிபி டிவிடி என்றால் இன்னொரு விஷயம் உண்டு. அதில் இரண்டு அடுக்கு, முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். படம் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் கண் இமைக்கும் நேரம் நின்று ஓடுமே, அங்கேதான் அடுக்கு மாறுகிறது. அப்படியானால் அந்த வகையில் படத்தின் நடுப்பகுதிதான் ஓரத்தில் இருக்கிறது, சோதிக்க வேண்டியதும் அந்த இடைவேளைப் பக்கம்தான். இது தெரியாமல் நல்ல டிஸ்க் என்று வைத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலையில் அச்சடித்தது நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டு தாங்கும். எல்லாமே தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வார்னர் நிறுவனமே 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்று 2025இல் ஒப்புக்கொண்டது. வீட்டில் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க் வேறு ஜாதி. அதில் தகவலைப் பிடித்து வைப்பது சாயம், அதனால்தான் கீழ்ப்பக்கம் ஊதாவாகத் தெரியும். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் போய்விடும். உங்கள் பீரோவில் ஊதா டிஸ்க் ஏதாவது இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

துடைப்பது என்றால் நடுத்துளையிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில், பழைய பருத்தி வேட்டித் துணியில். சுற்றிச் சுற்றித் துடைக்கக்கூடாது, பற்பசை போடவே கூடாது.

படத்தின் தரத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். விசிடியின் அகலம் 352 புள்ளி, டிவிடி 720, இப்போதைய சாதாரண டிவியே 1920. அப்பாவின் விசிடியை 55 அங்குல டிவியில் போட்டால் முகம் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நம் ஊரில் ஒரே டிவிடியில் மூன்று படம் அடைத்து விற்றார்களே, அது விசிடியை விடச் சற்றுத் தேவலை, அவ்வளவுதான். அதோடு மூலையில் கம்பெனி முத்திரை, கீழே ஓடும் விளம்பர வரி. அந்தப் படத்தை யாராவது நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்து டிஜிட்டலில் விட்டிருந்தால் அதுதான் நன்றாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் புளூரே என்றால் கதை தலைகீழ். 25 ஜிபி, 50 ஜிபி இடம் அதில், ஒலியைச் சுருக்காமல் வைக்கலாம். ஆன்லைனில் 4கே என்று வருவது பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட், 4கே டிஸ்க் நூறைத் தாண்டிக்கூடப் போகும். இருட்டுக் காட்சியில், மழைக் காட்சியில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்தப் பன்னிரண்டு புளூரேயை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மேகக்குடை எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன், எனக்கு இதில் பட்ட காயம் உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். என்னிடம் இருநூறு டிவிடி, எல்லாம் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது உறைக்குள் சேறு, அட்டைத்தாள் டிஸ்க்கோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் டிஸ்க்கை உடனே கெடுக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்திருந்தால் பாதி பிழைத்திருக்கும். அள்ளிக் குப்பை லாரியில் போட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் பள்ளிக்கரணை தரைத்தளம் என்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அந்தப் பக்கம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். எதை வைத்துக்கொண்டாலும் பரணில் வையுங்கள், கீழ்த்தட்டில் வேண்டாம்.

அந்த வெள்ளத்துக்கு முன் டிஜிட்டலில் வாங்கிய பத்துப் படம் எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. பத்து வருடத்தில் போன் நாலு மாறியது, வீடு மூன்று மாறியது. ரைன்நதி சொன்னது பொய்யில்லை, ஆனால் ஒரே நாட்டில், ஒரே கணக்கில் இருக்கிறவர்களுக்கு அப்படி நடப்பது அரிது. அப்புறம் பிளேயரை யார் தயாரிக்கிறார்கள்? ஒப்போ 2018இல் நிறுத்தியது, சாம்சங் 2019இல் புளூரே பிளேயரை விட்டது. அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற பெரிய மின்னணுக் கடைகளே 2024இல் பட டிஸ்க் விற்பதைக் கைவிட்டன. இன்னும் பதினைந்து வருடத்தில் டிஸ்க் நன்றாக இருந்து பிளேயர் இல்லாமல் போகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் வைகைக்கரை, டிஜிட்டலில் நாற்பது படம் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பாருங்கள். இந்தியாவில் முழுதாக விற்கும் இடம் ஆப்பிள் கடை, யூடியூப் என்று விரல்விட்டு எண்ணலாம். பிரைம் வீடியோவில் 2022இல் வந்தது வாடகை மட்டும்தான், பணம் கட்டியபின் முப்பது நாளுக்குள் தொடங்கி, தொடங்கியபின் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் நிறைய, விற்பனைக்கே கிடையாது. தம்பி சொல்வது போல எல்லாம் ஆன்லைனில் இல்லை, யாரோ ஏற்றிய மங்கலான பிரதி இருக்கும், அது நாளைக்குப் போகும்.

ஸ்காபரோ_அக்கா எழுதியது:

தம்பி, நான் கனடாவில் முப்பது வருடம். ஒரு காலத்தில் எங்கட ஸ்காபரோவில் தமிழ்க் கடை எதில் நுழைந்தாலும் மரக்கறிக்குப் பக்கத்தில் டிவிடி அடுக்கி இருக்கும், இப்போது ஒன்றும் இல்லை. என்ர இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்ததுகள், தமிழ் அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த டிவிடிகளில் இருந்துதான் வந்தது. அதில் பாட்டுக்கும் ஆங்கிலத்தில் அடிவரி போட்டிருப்பார்கள். மூத்தவள் ரிமோட்டில் நிறுத்தி நிறுத்தி, ஒரு வரியைக் கேட்பாள், அடிவரியை வாசிப்பாள், பிறகு என்னிடம் வந்து "அம்மா, 'நெஞ்சே' என்று ஏன் தன்னோடையே கதைக்கிறார்?" என்று கேட்பாள்.

போன வருடம் அதே படத்தை ஒரு தளத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். பாட்டு வந்தவுடன் அடிவரி நின்றுவிட்டது, "இசை" என்று மட்டும் போடுகிறார்கள். ஒரு பாட்டே இல்லை. நான் முதலில் என்ர ஞாபகப் பிழை என்று நினைத்தேன், டிவிடியை எடுத்துப் போட்டுப் பார்த்தால் பாட்டு இருக்கிறது. படத்தைக் கொண்டுபோனால் போனதாவது தெரியும், உள்ளுக்குள் ஒரு துண்டு போனால் பழைய பிரதி கையில் இல்லாமல் ஒருத்தருக்கும் தெரிய வராது. அன்னபூரணி படம் 2024 ஜனவரியில் சர்ச்சை வந்த சில நாளிலேயே நெட்பிளிக்ஸில் இருந்து எடுக்கப்பட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தப் படம் நல்லதோ கெட்டதோ, பார்க்கிறதா இல்லையா என்று நான்தான் தீர்மானிக்க வேணும்.

இன்னொன்று, இரவல். எங்கட தெருவில் நாலு தமிழ் வீடு, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய டிவிடி வீடு வீடாகச் சுற்றும். வெள்ளிக்கிழமை எங்களிடம் வரும், கறி வாளியோடு சேர்ந்தே வரும். டிஜிட்டலில் வாங்கியதை எந்த அயலுக்குக் கொடுப்பது? கணக்கின் கடவுச்சொல்லையா கொடுக்க முடியும்?

அப்பா எழுதி வைத்த உறைகளை மட்டும் எறிந்துபோடாதேங்கோ.

பிரதி_இரண்டு எழுதியது:

இடப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, நான் செய்ததைச் சொல்கிறேன். 340 சிடி இடத்தை அடைப்பதற்குக் காரணம் பிளாஸ்டிக் பெட்டி. டிஸ்க்கையும் அட்டைத்தாளையும் உருவி, இரண்டையும் ஒரே மெல்லிய உறையில் போட்டு நிமிர்த்தி அடுக்கினால் 340ம் மூன்று நான்கு சப்பாத்துப் பெட்டியில் அடங்கும், அக்கா சொன்ன அதே பெட்டிதான். அப்பாவின் எழுத்தும் அதிலேயே இருக்கும். பஞ்சு வைத்த உறை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம் போடுங்கள்.

அடுத்து, டிவிடி டிரைவ் படிக்காத புளூரேயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். யூஎஸ்பி டிவிடி டிரைவ் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். விசிடி என்றால் எந்த மென்பொருளும் தேவையில்லை, உள்ளே எம்பெகேவி என்ற கோப்புறையில் டேட் கோப்பு இருக்கும், அப்படியே காப்பி எடுத்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். டிவிடிக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள், அது சுருக்காமல் அப்படியே எடுக்கும், ஒரு டிஸ்க்குக்கு அரை மணி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இருநூறு டிவிடி சராசரியாக 6 ஜிபி என்றாலும் 1.2 டிபி, விசிடி எல்லாம் சேர்ந்து இன்னும் 200 ஜிபிக்குள். 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களிடம், இன்னொன்று தம்பி வீட்டில். ஒரே வீட்டில் இரண்டையும் வைப்பதில் அர்த்தமே இல்லை, மேகக்குடை சொன்ன வெள்ளம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அம்மா டிவியிலேயே பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. உங்கள் சிடி, உங்கள் வீடு, உங்கள் அம்மா, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு படத்தைக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்கும் ஏற்றாதீர்கள். இதில் நான் கண்டிப்பான ஆள், படம் எடுத்தவர்களுக்குப் போகவேண்டிய காசு போகவேண்டும்.

ஏற்றிவிட்டோம் என்று டிஸ்க்கைத் தூக்கி எறியவும் வேண்டாம். தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் 1931இல் வந்தது, இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. உங்கள் பீரோவில் இருக்கும் ஏதோ ஒரு பெயர் தெரியாத எண்பதுகளின் படத்துக்கு அந்த 28 ரூபாய் விசிடியே நல்ல பிரதியாக மிஞ்சியிருக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஏனென்றால் நீங்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன்.

1,800 ரூபாய்க்கு டிரைவ் வாங்கினேன். அம்மாவும் நானும் இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து, அவர் உறையில் உள்ளதை வாசிக்க, நான் டிஸ்க்கை வெளிச்சத்தில் பார்த்து ஓட்டிச் சோதித்தோம். 340இல் புளூரே தவிர மற்றவற்றில் 31 ஓடவில்லை. அச்சடித்ததில் ஒன்பது, மீதி இருபத்திரண்டும் ரிட்சி தெரு அண்ணன் சொன்ன ஊதா வகை. தேடியும் பார்த்தேன்: அப்பாவின் நாற்பதில் முழு விலைக்கு வாங்கக் கிடைத்தது பதினொன்றுதான். அதில் புதுப்பித்து வந்திருக்கும் மூன்றை மட்டும் வாங்கினேன், படம் நிஜமாகவே பளிச்சென்று இருக்கிறது, அம்மாவுக்குச் சந்தோஷம். மற்றவை நம் டிஸ்க்கிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கின்றன. பெட்டிகள் பரணில். தம்பி ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கித் தானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டான்.

இப்போது வேறு ஒரு உதவி வேண்டும். ஊதா டிஸ்க்குகளில் ஒன்றில் அப்பா கையெழுத்தில் "பாப்பா கல்யாணம் 2006" என்று இருந்தது. என் அக்கா கல்யாண வீடியோ. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான், வேறு பிரதி கிடையாது, அந்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை. போட்டதும் ஓடியது. 52ஆவது நிமிடத்தில் பந்தி நடக்கிறது, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு வரிசையில் வருகிறார், யாரையோ பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், அங்கே நிற்கிறது. அதற்கு மேல் போகவே இல்லை. அம்மா மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். என்ன செய்யலாம்?

பிரதி_இரண்டு எழுதியது:

இனி அதைச் சாதாரணமாக ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் டிரைவ் திணறித் திணறிச் சுற்றும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, படிக்க முடிந்த இடத்தை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும், எது வந்தது எது வரவில்லை என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். முக்கியமான விஷயம், ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். அதே குறிப்புக் கோப்பை வைத்துக்கொண்டு வேறு டிரைவில் தொடரலாம், விட்டுப்போன இடங்களை மட்டும் அது நிரப்பும். பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் முழு அளவு டிரைவ், புது யூஎஸ்பி டிரைவை விட இதற்கு நல்லது.

ரிட்சி_தெரு_பழையகடை எழுதியது:

தம்பி, அதை வெயிலில் கொண்டுபோகாதே, பெட்டியில் போட்டு நிழலில் வை. என்னிடம் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஆறு இருக்கிறது, ஆறும் வேறு வேறு கம்பெனி, லென்ஸ் எல்லாம் நானே சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பதினொன்றுக்குக் கடைக்கு வா, தனிச் செய்தியில் முகவரி அனுப்பியிருக்கிறேன். காசு ஒன்றும் வேண்டாம். டிஸ்க்கை நீயே கையில் கொண்டுவா, கூரியரில் அனுப்பாதே.

வைகைக்கரை எழுதியது:

வருகிறேன் அண்ணா. அம்மாவும் வருகிறேன் என்கிறார்.